வியாழனுக்கு இரண்டாவது சாட்சி

பெருமுக்கல் சாலை,
திண்டிவனம்.
24 மார்ச் 2026

ஜெசிந்தா,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். மெயிலுக்கும் பதில் இல்லை. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்பதால் ஸ்பீட் போஸ்ட். முகவரி நம் வானோக்குக் குழுச் சித்ரா கொடுத்தாள், நான் நிறையக் கெஞ்சிய பிறகு. அவளைத் திட்டாதே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு நாற்பத்தொன்றுக்கு வியாழனில் ஏதோ ஒன்று விழுந்தது. என் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தெற்குப் பட்டையின் ஓரத்தில் ஒரு புள்ளி. ஊசி முனையாகத் தொடங்கி, பெருத்து, மங்கி, போய்விட்டது. மொத்தமே இரண்டு நொடி இருக்காது. வால்நட்சத்திரத் துண்டோ விண்கல்லோ, ஒரு லாரி அளவாவது இருந்திருக்க வேண்டும். அங்கே மோதுவதற்குத் தரை கிடையாது. ஹைட்ரஜனும் ஹீலியமும் கீழே போகப் போக இறுகிக்கொண்டே போகும், அவ்வளவுதான். கல் அந்தக் காற்றிலேயே எரிந்து முடிந்தது. மேகம் மூடிக்கொண்டது. இப்போது பார்த்தால் ஒரு தழும்புகூட இல்லை.

நான் பார்த்தேன் என்று கத்தினால் போதாது. ஒரே இடத்திலிருந்து ஒரே ஆள் பார்த்தால் அது கண்டுபிடிப்பு இல்லை, சந்தேகம். விமான விளக்கு, பூச்சி, கேமராவில் பட்ட அண்டக்கதிர், எதுவாகவும் இருக்கலாம். வேறு இடத்தில், வேறு கருவியில், அதே நொடியில் பதிவாகியிருந்தால்தான் நம்புவார்கள். வியாழனைக் கண்காணிக்கிற வெளிநாட்டுக் குழுவுக்கு எழுதினேன். ஐரோப்பாவில் அப்போது பகல். ஜப்பானில் மழை. ஆஸ்திரேலியாவில் மேகம். ஏப்ரல் முடிவதற்குள் இரண்டாவது பதிவு வராவிட்டால் ‘உறுதியாகாதது’ என்று ஓரம் கட்டிவிடுவார்களாம்.

நீ பாண்டிச்சேரியில் பழைய ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கியிருக்கிறாய், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் மாடியில் வியாழனைப் பதிவு செய்கிறாய் என்று சித்ரா சொன்னாள். நானாவது நல்ல பிரேம்களைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுவேன். நீ எதையும் அழிக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் தேடு. இருந்தால் உடனே அனுப்பு.

இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, வெளிச்சம் வந்த பிரேம். இன்னொன்று, ஒரு நட்சத்திரத்தைக் குவியம் கலைத்து எடுத்த சோதனைப் படம். கருவியின் நிலை தெரிய வேண்டும் என்று அந்தக் குழுவே கேட்டது. என் தொலைநோக்கிக் கண்ணாடி ஜனவரிப் பனியில் போனது உனக்குத் தெரியும். ஆனாலும் பதிவு தெளிவு.

ஜனவரி விஷயத்தை இதில் கலக்காதே. அது நம் சண்டை. இது அறிவியல்.

பூவரசன்


கிழக்கு பாண்டி ரோடு,
விழுப்புரம்.
28 மார்ச் 2026

திரு. பூவரசன் அவர்களுக்கு,

இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சும்மா பூச்சி காட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். ஏழு நாற்பத்தொன்று. அதே பட்டை, அதே ஓரம். என் கருவி சின்னது, அதனால் வெளிச்சமும் சின்னது. ஆனால் பெருத்து மங்குவது அப்படியே தெரிகிறது. அன்று கேமராவை ஓடவிட்டுவிட்டு நான் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வராவிட்டால் அதைத் தேடியிருக்கவே மாட்டேன். அதற்கு நன்றி.

அனுப்ப மாட்டேன்.

ஜனவரியைக் கலக்காதே என்கிறீர்கள். நாற்பது பேர் இருக்கிற நம் வானோக்குக் குழுவின் வாட்ஸ்அப்பில் அதைக் கலந்தது நீங்கள். “ஜெசிந்தா மூடி போடாமல் கிளம்பிவிட்டார். பனி இறங்கிப் பத்து அங்குலக் கண்ணாடி வீணாகிவிட்டது. பொறுப்பில்லாதவர்கள் கையில் கருவியைக் கொடுத்தது என் தப்பு.” எனக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு வெங்கடாசலம் சார் குழுவின் தொலைநோக்கியை என்னிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அரசுப் பள்ளிகளுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய் வியாழனின் நிலவுகளைக் காட்டுகிற வேலையை ஆரம்பித்ததே நான். இப்போது அது வேறொருவர் கையில். சித்ரா போனில் சொன்னாள்: “அக்கா, அவனுங்க ஒங்கள மூடி மேடம்னு சொல்லி சிரிச்சிக்கினு இருக்கறானுங்க.”

அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று வருடப் பழக்கத்தில் உங்கள் கொல்லைக்கு நான் வந்தது அன்றுதான் முதல் முறை. வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வந்திருந்த நாள். மோட்டார் கொட்டகை மாடி. நான் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, சரி செய்து மாட்டினேன். உங்கள் அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீ எந்தப் பக்கம்மா?”

“கிளியனூருங்க.”

“கிளியனூர்ல ஊரா, காலனியா?”

“காலனிங்க.”

“ஓ.”

அப்புறம் காபி வந்தது. உங்களுக்கும் சித்ராவுக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்குப் பேப்பர் கப். குடித்துவிட்டுப் போட இடம் தெரியாமல் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். கிளம்பும்போது மூடியைப் போட்டேன். மேலே ஒரு செங்கல்லும் வைத்தேன், காற்றுக்குப் பறக்கக் கூடாது என்று.

எனக்கு வேண்டியது ஒரே வரி. அதே வாட்ஸ்அப் குழுவில், அதே ஆட்கள் முன்னால்: ‘ஜெசிந்தா மூடியைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார், நான் சொன்னது தவறு.’ போடுங்கள். அன்றைக்கே வீடியோ வரும்.

ஜெசிந்தா


திண்டிவனம்.
31 மார்ச் 2026

ஜெசிந்தா,

என்ன திடீரென்று ‘திரு’, ‘நீங்கள்’? மூன்று வருடமாக ‘டேய்’ என்றுதானே கூப்பிட்டாய்?

ஒரு வரிக்காக ஒரு கிரகத்தைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறாய். இந்தியாவில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்? பெரிய ஆய்வகங்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்க, மல்லாட்டை பயிரிட்ட ஒரு கொல்லையிலிருந்தும் ஒரு வாடகை வீட்டு மாடியிலிருந்தும் நாம் இரண்டு பேர் பிடித்திருக்கிறோம். நீ மூடியைப் பற்றிப் பேசுகிறாய்.

பேப்பர் கப் ஒரு விஷயமா? டம்ளர் பத்தவில்லை. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காதே.

அந்த ஒரு வரிக்கு வருகிறேன். நீ மூடியைப் போட்டதை நான் பார்க்கவில்லை. நான் கீழே சித்ராவின் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தேன். சித்ராவும் என்னோடு கீழேதான் இருந்தாள். மாடியில் நீ மட்டும். போட்டேன் என்று நீ மட்டும்தான் சொல்கிறாய். பார்க்காததற்கு நான் எப்படிச் சாட்சி சொல்வது? வியாழனுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? காலையில் போய்ப் பார்த்தேன், கண்ணாடி போயிருந்தது. இது டேட்டா. மிச்சம் எல்லாம் உணர்ச்சி.

நாள் போய்க்கொண்டிருக்கிறது. அனுப்பு.

பூவரசன்


விழுப்புரம்.
4 ஏப்ரல் 2026

பூவரசன்,

சரி, ‘நீ’ என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்துத் திட்ட வரவில்லை.

நீ அந்த மெசேஜில் எழுதியிருந்தாய் பார், ‘போடாமல் கிளம்பிவிட்டார்’ என்று. அதை மட்டும் பார்த்தாயா? போட்டதற்குச் சாட்சி கேட்கிறாய். போடாததற்கு யார் சாட்சி? அன்றைக்கு உனக்கு இரண்டாவது ஆள் தேவைப்படவில்லையே. ஒரே ஆள், அதுவும் பார்க்காத ஆள். உடனே ‘உறுதியானது’.

இப்போது நீ அனுப்பிய இரண்டாவது படத்துக்கு வருகிறேன். முதலில் அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. முந்தாநாள் ஒன்பதாம் வகுப்புக்குக் குவியம் பற்றி நடத்த வேண்டியிருந்தது. உதாரணத்துக்கு இருக்கட்டுமே என்று எடுத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

குவியம் கலைந்த நட்சத்திரம் ஒரு வட்டமாக விரியும். அந்த வட்டம் என்பது கண்ணாடியின் முகம்தான். எங்கே அலுமினியப் பூச்சு போயிருக்கிறதோ அங்கே கறுப்பு விழும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. பனி ஈரத்தில் போன பூச்சு எப்படி இருக்கும்? அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக. உன் கண்ணாடியில் ஒரு புள்ளிகூட இல்லை. அரைவட்டங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, வலது பக்கம் அழுத்தமாக, இடது பக்கம் லேசாக. வலது கைப் பழக்கம் உள்ள ஒருவர் உட்கார்ந்து, மடியில் சாய்த்து, தேய்த்திருக்கிறார். பித்தளைத் தவலையை விளக்குகிற கை அது. துணியால் துடைத்தால் பூச்சு இவ்வளவு சுத்தமாகப் போகாது. புளி போட்டுத் தேய்த்தால் போகும். அலுமினியம் புளிக்குத் தாங்காது.

கண்ணாடியைப் பிடித்திருக்கிற மூன்று மரையையும் கையாலேயே கழற்றலாம் என்பது நான் கழற்றியபோது படியில் நின்று பார்த்தவருக்குத் தெரியும்.

நீ பிஸ்டன் கம்பெனியில் தர ஆய்வில் இருக்கிறாய். ஒரு கீறலைப் பார்த்ததும் அது மெஷின் போட்டதா, கை போட்டதா, கொண்டுபோகும்போது பட்டதா என்று சொல்வாய் என்று நீயே பீற்றிக்கொண்டிருக்கிறாய். உன் சொந்தக் கண்ணாடியில் இருக்கிற கைத் தடம் மட்டும் உனக்குத் தெரியவில்லையா? டேட்டா என்கிறாய். இதோ டேட்டா. ஸ்டாம்பு ஒட்டி நீயே அனுப்பியிருக்கிறாய்.

டம்ளர் பத்தவில்லையா? மூன்று பேருக்கா?

அயோவைப் பற்றி ஒரு பாடம் எடுத்தோமே, நினைவிருக்கிறதா? வியாழனின் அந்த நிலவுக்குக் கந்தகத்தில் ஒரு மெல்லிய காற்று. வெயிலில் இருக்கும்வரை காற்று இருக்கும். வியாழனின் நிழலுக்குள் போனதும் அந்தக் காற்று உறைந்து தரையில் கொட்டிவிடும். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தால் மறுபடியும் ஆவியாகிக் காற்றாக எழும், எதுவுமே நடக்காத மாதிரி. நீ அந்த ரகம். என்னோடு பஸ் ஸ்டாண்டில் நின்று டீ குடிக்கும்போது நீ வேறு. உன் வீட்டு நிழல் விழுந்ததும் உன் காற்று மொத்தமும் கீழே.

ஜெசிந்தா


திண்டிவனம்.
9 ஏப்ரல் 2026

ஜெசிந்தா,

அயோ பற்றி நீ எழுதியது தப்பு. மொத்தக் காற்றும் உறைவதில்லை. பெரும்பகுதிதான். கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

கண்ணாடியைப் பற்றி நீ எழுதியது சரி.

அன்று நீங்கள் போன மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன். அம்மா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் குத்துவிளக்கு, தவலை, சொம்பு. மடியில் என் கண்ணாடி.

“என்னாம்மா பண்ணிக்கினு இருக்க?”

“பொங்க வருதுல்ல. எல்லாத்தையும் வெளக்கறதுதான்.”

“இத்தப் போயி யாராவது வெளக்குவாங்களா? மூணு பொங்கலா அங்கதானே இருக்குது, ஒருவாட்டியாச்சும் வெளக்கினியா?”

“மூணு பொங்கலா யாரும் கை வெக்கல.”

அம்மா சொன்னது அவ்வளவுதான். அதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தூசி, கை அழுக்கு என்றுகூட நினைத்துச் சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை. நீ உட்கார்ந்திருந்த நீல ஸ்டூலும் அங்கேதான் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அதைப் பற்றியும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் குழுவில் ஒருத்தன் நேற்றைய படம் எங்கே என்று கேட்டான். கண்ணாடி போச்சு என்று சொல்ல வேண்டியிருந்தது. எப்படிப் போச்சு என்று அடுத்த கேள்வி. நான் என்ன எழுத? எங்கம்மா புளி போட்டுத் தேய்த்தாள் என்றா? ஏன் என்று கேட்பார்கள். பாதி பேர் எங்கள் ஊர்ப்பக்கம். பாதி பேர் உங்கள் பக்கம். அம்மா நாளைக்கு ரேஷன் கடையில் நிற்க வேண்டாமா? கை தானாக மூடி என்று அடித்தது.

நீ கேட்கிற வரியைப் போட்டால் அடுத்த கேள்வி, ‘அப்படியென்றால் கண்ணாடி எப்படிப் போச்சு?’ அதற்குப் பதில் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. இதுதான் பேஜாரு. உனக்குப் புரிந்திருக்கும்.

ஒன்று செய்யலாம். முதலில் வீடியோவை அனுப்பு. உறுதியாகட்டும். அந்தச் சந்தோஷத்தில் யாரும் பழையதைத் துருவ மாட்டார்கள். அப்போது பக்குவமாக ஏதாவது எழுதிவிடுகிறேன்.

பூவரசன்


விழுப்புரம்.
13 ஏப்ரல் 2026

பூவரசன்,

உன் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். உன் அம்மா பேசியதைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் நினைத்ததைச் செய்தார்கள், கேட்டதற்குச் சொன்னார்கள். ஒளித்து வைக்கவில்லை. பொய் சொன்னது படித்தவன்.

‘உனக்குப் புரிந்திருக்கும்’ என்று எழுதியிருக்கிறாய். புரிகிறது. உன் அம்மா ரேஷன் கடையில் தலை குனியக் கூடாது. நான் நாற்பது பேர் முன்னால் குனியலாம். எனக்குப் பழக்கம்தானே என்று நினைத்திருப்பாய்.

வீடியோவை அனுப்பிவிட்டேன். உனக்கு இல்லை. நேராக அந்த வெளிநாட்டுக் குழுவுக்கே. நேரம், இடம், கருவி, வெட்டாத முழுப் பதிவு.

உனக்காக அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன். மெனக்கெட்டு உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். எங்கிருந்தோ, எத்தனையோ கோடி வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கல். வந்து விழுந்தது. எரிந்தது. அங்கே தரை இருந்திருந்தால் ஒரு குழியாவது மிஞ்சியிருக்கும். அதுவும் இல்லை. அவ்வளவு பெரிய காற்று அதை விழுங்கிவிட்டு, பட்டை பட்டையாக, அழகாக, ஒன்றும் தெரியாத மாதிரி சுழன்றுகொண்டிருக்கிறது. நானும் வாயை மூடிக்கொண்டால் அது விழவே இல்லை என்று ஆகிவிடும்.

நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று ஆக்க எனக்குக் கை வரவில்லை. உனக்கு வருகிறது.

இனி என்னிடம் நிபந்தனை எதுவும் இல்லை. அந்த ஒரு வரி இப்போது பேரம் இல்லை. நீ போட்டால் போடு.

ஜெசிந்தா


திண்டிவனம்.
27 ஏப்ரல் 2026

ஜெசிந்தா!

உறுதியாகிவிட்டது! நேற்று மெயில் வந்தது, உனக்கும் வந்திருக்கும். இரண்டு பதிவும் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் ஒத்துப்போகிறது. அவர்கள் போட்ட குறிப்பில் முதலில் விழுப்புரம், அடுத்து திண்டிவனம். அதாவது உன் பெயர் முதலில். உன் பதிவு சுத்தமாக இருக்கிறது, வெளிச்சத்தின் அளவை அதிலிருந்துதான் கணக்கிட்டார்களாம். என்னுடையதில் ஒளிச் சிதறல் அதிகம், நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பத்து அங்குலம் வைத்துக்கொண்டு ஐந்து அங்குலத்துக்குப் பின்னால் நிற்கிறேன். பரவாயில்லை. கொஞ்சம் எரிச்சல்தான், ஆனாலும் பரவாயில்லை.

நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஒரே கொண்டாட்டம். வெங்கடாசலம் சார் கேக் வெட்டலாம் என்கிறார். உன்னை மறுபடியும் சேர்த்துக்கொள்ள எல்லோருக்கும் சம்மதம். தொலைநோக்கியும் தருவார்களாம்.

நீ கேட்டதையும் செய்துவிட்டேன். அதே குழுவில், எல்லோரும் பார்க்கிற மாதிரி. அப்படியே எழுதுகிறேன்:

“ஜனவரியில் கண்ணாடி வீணானது குறித்து ஒரு விளக்கம். தான் மூடியைப் போட்டதாக ஜெசிந்தா தெரிவித்துள்ளார். பனி ஈரம் வேறு வழியிலும் உள்ளே இறங்கியிருக்கலாம். யார் மேலும் தப்பில்லை. இத்துடன் இந்த விஷயத்தை முடித்துக்கொள்வோம். வியாழனுக்கு ஜே!”

நிறையப் பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. பார்த்தாயா, பக்குவமாகச் சொன்னால் எல்லாம் முடியும்.

கண்ணாடியைப் பூச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். ஜூனில் வரும். வியாழன் சூரியனுக்குப் பின்னால் போய்விட்டு ஆகஸ்டு கடைசியில் விடியற்காலை வானத்தில் வரும். மறுபடி சேர்ந்து பார்ப்போம். நீ இங்கே அலைய வேண்டாம். கருவியை வண்டியில் ஏற்றி உன் மாடிக்கே நான் கொண்டுவந்துவிடுகிறேன். அது எல்லோருக்கும் சௌகரியம்.

பிளாக்கை எடு. இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா?

பூவரசன்


விழுப்புரம்.
2 மே 2026

பூவரசன்,

நீ போட்டதைச் சித்ராவும் அனுப்பினாள். கீழே அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள்: “அக்கா, மூடியும் இருந்துச்சாம், பனியும் எறங்குச்சாம். இவன் இன்ஜினியராம்.” நான் சிரித்தேன். ஜனவரிக்குப் பிறகு உன் விஷயத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

‘ஜெசிந்தா தெரிவித்துள்ளார்.’ அதாவது நான் சொல்கிறேன், நீ சொல்லவில்லை. இப்போதும் நான் ஒரே ஆள், ஒரே இடம். இன்னும் ‘உறுதியாகாதது’தான். வியாழன் விஷயத்தில், உன்னிடமிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு நான் உனக்குச் சாட்சி சொன்னேன். கிணற்று மேட்டில் நாலடி தூரத்தில் நின்று பார்த்தவன் நீ.

யாரும் கேள்வி கேட்கவில்லை என்று சந்தோஷப்படுகிறாய். எனக்கு அதுதான் உன் பொய்யைவிடக் கசக்கிறது. அந்தக் குழுவில் பாதி பேருக்குத் தொலைநோக்கியில் பனி எப்படி இறங்கும், எப்படி இறங்காது என்று தெரியும். மூடி போட்ட குழாய்க்குள் பனி போகாது என்று தெரியும். ஒருவர்கூட ‘அப்போ எப்படி?’ என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் என்னவாக இருக்கும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு காற்றில்தான் எல்லோரும் இருக்கிறீர்கள். எது விழுந்தாலும் இரண்டு நொடியில் மூடிக்கொள்கிற காற்று.

உன் நட்சத்திரப் படம் என்னிடம் இருக்கிறது. குழுவில் போட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் அரைவட்டம் புரியும். சித்ரா போடச் சொல்கிறாள். போட மாட்டேன். அது நான் நிரூபிக்க வேண்டியது இல்லை, நீ சொல்ல வேண்டியது. நீ சொல்லப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. படத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சுவரில் மாட்டிக்கொள். கொஞ்சம் மிச்சக் காற்று இருக்கும் என்று எழுதினாயே, அந்த மிச்சத்தில் என்றைக்காவது ஒருநாள் அதைப் பார்.

குழுவுக்கு நான் வரவில்லை. அவர்கள் தொலைநோக்கியும் வேண்டாம். கோடை விடுமுறையில் என்னுடையதையே தூக்கிக்கொண்டு கிளியனூர்ப் பள்ளிக்குப் போகிறேன். காலனிப் பிள்ளைகளும் வரும், ஊர்ப் பிள்ளைகளும் வரும். எல்லோரும் தொட்டுத்தான் பார்ப்பார்கள்.

ஆகஸ்டில் உன் கருவியை என் மாடிக்குக் கொண்டுவருகிறாயா? வேண்டாம். உன் கொல்லைக்கு நான் வரக்கூடாது என்பதை இவ்வளவு சௌகரியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடைசியாக ஒன்று. இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாண்டிச்சேரியில் வாங்கிய தொலைநோக்கி பழசு என்று சித்ரா உன்னிடம் சொன்னாளே. கேமரா மாட்டுகிற பின்பக்க வாய்க்கு மூடி இல்லாமல்தான் வந்தது. என்னென்னவோ போட்டுப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. அப்போது பையில் கிடந்த அந்தப் பேப்பர் கப் கைக்கு வந்தது. உங்கள் வீட்டுக் காபிக் கறை காய்ந்து போயிருந்தது. கழுவினேன். வெயிலில் வைத்தேன். கவிழ்த்துப் போட்டால் அந்த வாய்க்கு அளவெடுத்த மாதிரி உட்காருகிறது.

மார்ச் இருபத்திரண்டாம் தேதி மாலை அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கேமராவை மாட்டினேன். முடிந்ததும் திரும்பப் போட்டேன். தினமும் கழற்றுகிறேன், தினமும் போடுகிறேன். ஒருநாளும் மறந்ததில்லை.

ஜெசிந்தா